இடைவேளையில் எழுந்து போனவர்

ஜூலை 6

இடைவேளையில் எழுந்து போன அப்பாவுக்கு,

பாப்கார்ன் வாங்கி வருகிறேன் என்று போனீர்கள். இன்றோடு முப்பத்தொரு நாள் ஆகிறது. கடையில் அவ்வளவு கூட்டமா?

நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்தீர்கள், அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், விடிந்ததும் பெட்டியோடு கிளம்பிவிட்டீர்கள். அதை வருகை என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பள்ளியில்கூடக் கடைசி மணி வரை இருந்தால்தான் வருகை.

உங்களுக்குப் போன் செய்தால் ஒரு பெண் எடுத்து, நீங்கள் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு அவள் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். கோபமே வராத பெண். நம் வீட்டில் இப்போது அதிகம் பேசுகிறவள் அவள்தான். அம்மா பல் டாக்டர் க்ளினிக்கில் நாள் முழுக்க டோக்கன் எழுதிக்கொண்டு, உள்ளே டாக்டர் 'வாயைத் திறங்க, வாயைத் திறங்க' என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறாள். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறப்பதில்லை.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். உங்கள் புது வேலையிடத்திலிருந்து சான்றிதழ் நகல் கேட்டு ஓர் உறை வந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். குளிர்பதனக் கிடங்கு என்று போட்டிருந்தது. நல்ல இடமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கோபம் சீக்கிரம் ஆறும்.

அடுத்தது பள்ளிச் செய்தி. சித்தப்பா எழுதின படம் ஓடோ ஓடென்று ஓடுகிறது. (நம் வீட்டில் ஓடினது நீங்கள் மட்டும்.) 'ஒன்பது மணி மாயம்' கதாசிரியரின் அண்ணன் மகள் இந்த வகுப்பில்தான் இருக்கிறாள் என்று எவளோ போட்டுக்கொடுத்துவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, சுவர்ப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதச் சொன்னார். குடும்பத்தோடு பார்க்கலாமா, பொழுதுபோக்கு மதிப்பு என்ன, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். இதுவரை எழுதியிருப்பது இவ்வளவுதான்:

'வேலை போன ஒரு அப்பாவுக்குப் பேருந்தில் ஒரு குடை கிடைக்கிறது. பேசும் குடை. வாய்த்துடுக்கு அதிகம். அதைப் பிடித்திருப்பவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். வீட்டில் விஷயம் தெரியக்கூடாது என்பதற்காக அவர் தினமும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மாயமாகி, ஒரு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்கிறார். அங்கே ஆரம்பிக்கிறது சிரிப்பு.'

அதற்குமேல் பேனா நகரமாட்டேன் என்கிறது. 'குடும்பத்தோடு பார்க்கலாமா' என்ற கேள்விக்கு என்ன பதில் எழுதுவது? நாம் குடும்பத்தோடுதான் பார்த்தோம். வெளியே வரும்போது குடும்பத்தில் ஓர் ஆள் குறைவு.

நீங்கள் எப்போது வருவீர்கள்? கேட்க வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் தாளை நிரப்ப.

வாலு


ஜூலை 15

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கும் எண்களைப் பார்த்துப் பயப்படாதே. மூன்றாம் அறையின் வெப்பநிலைக் குறிப்பு, போன மாதத்தது. வேறு தாள் கைக்குக் கிடைக்கவில்லை.

வேலை பரவாயில்லை. ஆறு பெரிய அறைகள். ஆப்பிள், உருளைக்கிழங்கு, ஓர் அறை முழுக்க மருந்துப் பெட்டிகள். இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்குள்ளும் போய் அளவு பார்த்து எழுத வேண்டும். வெளியே வேர்த்துக் கொட்டுகிற வெயிலில் நான் பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்து லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். பழகிவிட்டது.

போனை அணைத்து வைத்திருப்பது உன்மேல் உள்ள கோபத்தால் அல்ல. பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும். எழுதினால், எழுதக்கூடாத வார்த்தை வரும்போது கை தானாக நின்றுவிடுகிறது.

நீ இனி சின்னப் பிள்ளை இல்லை. அதனால் நடந்ததை என் வாயாலேயே தெரிந்துகொள். ஜனவரியில் லிஃப்ட் கம்பெனி நம் ஊர்க் கிளையை மூடியது. பதினேழு வருடம் மற்றவர்களை மேலே ஏற்றிவிடுகிற வேலை பார்த்தவனைப் படிக்கட்டில் இறங்கிப் போகச் சொன்னார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் வேறு வேலை கிடைக்கும், கிடைத்தபின் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஐந்து மாதம் தள்ளினேன். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். 'ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்' என்று யாரும் கேட்காத இடம் ஊரில் அது ஒன்றுதான்.

அதை என் தம்பி படத்தில் வைத்தான். டோக்கன், டப்பா, நாற்காலி, எல்லாம் அப்படியே. குடை மட்டும்தான் அவன் கற்பனை. எழுநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை; அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. ஆனால் அந்தச் செய்தி என் வீட்டிலிருந்து போயிருக்கிறது. அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் கேட்டேன், "நீதானே அவன்கிட்ட சொன்னே?" என்று.

"ஆமா" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு காரணம் சொல்லவில்லை. ஒரு சமாதானம் சொல்லவில்லை.

தெரிந்தும் தெரியாத மாதிரி எனக்கு ஐந்து மாதம் டப்பா கட்டிக்கொடுத்துவிட்டு, மறுபக்கம் என் தம்பியோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். அந்த வீட்டில் நான் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது இருட்டில் திரும்பிப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நீ, அன்று அந்தக் கூட்டத்தில் நீ ஒருத்திதான் சிரிக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் இங்கே நாள் போகிறது.

படிப்பைக் கவனி. அந்தப் படத்தைப் பற்றி இனி எழுதாதே.

அப்பா


ஜூலை 22

அன்புள்ள பஞ்சுக் கோட்டுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கும் இடம் வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு எனக்குப் பல் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

படத்தைப் பற்றி எழுதாதே என்றீர்கள். சரி. பொத்தானைப் பற்றி எழுதுகிறேன்.

என் சீருடையில் ஒரு பொத்தான் போய்விட்டது. தானாகப் போகவில்லை, பின் பெஞ்சுக்காரியின் பின்னலை நாற்காலியோடு கட்டும்போது போனது, அது வேறு கதை. பொத்தான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பொத்தானே இல்லை. ஆஸ்பத்திரி டோக்கன். ரப்பர் பேண்டு போட்டு, தேதிவாரியாக. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க அப்பா சட்டைப் பையில இருந்தது. துவைக்கப் போடறப்ப எடுத்து வெச்சேன்."

"எதுக்கு வெச்சே?"

"தினம் ஆஸ்பத்திரிக்குப் போறார். கேட்டா ஆபீஸ்ல வேலைன்னு சொல்றார். என்னன்னு நினைக்கறது? ஏதோ பெரிய வியாதி, நம்ம பயந்துடுவோம்னு மறைக்கறார்னு நினைச்சேன்."

அப்பா, புரிகிறதா? பிப்ரவரியிலிருந்து உங்கள் சாப்பாட்டில் எண்ணெய் குறைந்ததே, உப்பு குறைந்ததே, நான்கூட 'இது சாப்பாடா, சாட்சியில்லாத தண்டனையா' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேனே, அது உங்களுக்காகத்தான். பல் டாக்டரிடம் இதயத்துக்கு நல்ல டாக்டர் யார் என்று கேட்டாளாம். அவர் பாவம், கடைவாய்ப் பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தாராம். நீங்கள் படியேறி வரும்போது மூச்சு வாங்குகிறதா என்று சமையலறையில் நின்று காது கொடுத்துக் கேட்பாளாம்.

நீங்கள் இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டினீர்கள். அம்மா இல்லாத வியாதிக்குப் பத்தியம் பார்த்தாள். இப்படி ஒரு ஜோடியை எந்தக் கதாசிரியரும் எழுதமாட்டார், நம்பும்படியாக இல்லை என்று அடித்துவிடுவார்.

யோசித்துப் பாருங்கள். புருஷனுக்குப் பெரிய வியாதி என்று பயந்துகொண்டிருந்தவள், அதை வேடிக்கைக் காட்சியாக யாரிடமாவது சொல்லுவாளா? அம்மா சொல்லியிருக்க முடியாது. கணக்குப் பாடத்தில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், எனக்கே விடை வந்துவிட்டது.

எப்போது வருகிறீர்கள்?

வாலு


ஆகஸ்ட் 2

வாலுவுக்கு,

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஆறு அறைகளுக்கும் போய் வந்தேன். நான்காம் அறையில் அளவு எழுத மறந்துவிட்டேன். இங்கு வந்தபின் அதுதான் முதல் தவறு.

உப்பு குறைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்மேல் அக்கறை குறைந்துவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வேலை இல்லாதவனுக்கு எல்லாமே அப்படித்தான் படும்.

டோக்கன் விஷயம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒன்று இடிக்கிறது. சொல்லாதவள் ஏன் "ஆமா" என்றாள்? பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. செய்யாததைச் செய்தேன் என்று ஒருத்தி எதற்காகச் சொல்வாள்? இதற்கு உன் கணக்கில் விடை இருந்தால் எழுது.

இன்னொரு செய்தி. இங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒரு சினிமாப் பைத்தியம். இந்த ஊருக்கு அந்தப் படம் இப்போதுதான் வந்திருக்கிறது. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறார். "அண்ணே, நீங்க சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, அன்னிக்குப் பார்த்துடறேன்" என்று எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். கதை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. முதலில் மறுத்தேன். பிறகு தோன்றியது, ஒரு குடைக்குப் பயந்து எத்தனை நாள்? இரண்டாம் பாதியை நான் பார்க்கவே இல்லை. என்னை என்ன செய்து முடித்திருக்கிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

அப்பா


ஆகஸ்ட் 6

அப்பாவுக்கு,

அந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாம் பாதி படு மோசம். குடைக்குக் காதல் வருகிறது. ஒரு மழைக்கோட்டின் மேல். வீட்டிலிருக்கிற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக மாயமாகி ஒருவரையொருவர் முட்டிக்கொள்கிறார்கள், அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. உங்கள் ஃபோர்க்லிஃப்ட் அண்ணனிடம் வயிற்று வலி என்று சொல்லிவிடுங்கள்.

படு மோசம் என்று எழுதினது பொய். படம் நன்றாக இருக்கும். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன், தபால்பெட்டி நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். இதைவிட்டால் நாளைக் காலைதான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும். எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். லைட் போட்டவர், டீ கொடுத்தவர் எல்லாம் போனபின் கடைசியாக ஒரு வரி வரும். 'ஆஸ்பத்திரிக் காட்சிக்குக் கரு தந்த என் வாலுவுக்கு அன்புடன்.' அதை நீங்கள் திரையில் பார்ப்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

சொன்னது நான்தான்.

மார்ச் மாதம் கணக்குத் தேர்வு அன்று, கால் பிசகிவிட்டது என்று நடித்தேன். நடிப்பு தேவைக்கு அதிகமாக நன்றாக அமைந்துவிட்டது. விளையாட்டு ஆசிரியர் பயந்துபோய், பியூன் அக்காவோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டார். அந்தக் கூடத்தில் நொண்டிக்கொண்டே நுழைகிறேன், மூன்றாவது வரிசையில் நீங்கள்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பியூன் அக்கா டாக்டரைத் தேடிப் போனார். ஒரு மணி நேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் நம்பர் நெருங்கும்போதெல்லாம் பின்னால் இருக்கிற யாருக்காவது டோக்கனைக் கொடுத்துவிட்டு அவருடைய நம்பரை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஒரு பாட்டிக்கு, பிறகு கைக்குழந்தைக்காரிக்கு, பிறகு கட்டுப்போட்ட ஒரு மாமாவுக்கு. எல்லோரும் முன்னால் போனார்கள், நீங்கள் மட்டும் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். மத்தியானம் ஒரு மணி ஆனதும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டீர்கள், ஆபீஸில் மணி அடித்த மாதிரி.

வேலை போனது எனக்குத் தெரியாது அப்பா. சத்தியமாகத் தெரியாது. நான் பள்ளிக்கு மட்டம் போட்ட மாதிரி நீங்கள் ஆபீஸுக்கு மட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் வால் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்களே, அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது என்று நினைத்தேன். உங்களிடம் கேட்டால் நான் ஏன் அங்கே வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். நீங்கள் டோக்கன் மாற்றுவதை நடித்தே காட்டினேன், போனில். சித்தப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். வேலை போன அப்பாவும் குடையுமாகப் படம் அப்போதே பாதி எடுத்தாகியிருந்தது, பகலில் அவரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் பாக்கியாம். "ஏன் அங்க உட்கார்ந்திருக்கார்?" என்று அவரும் கேட்கவில்லை. சிரிப்பு வந்தால் அடுத்த கேள்வி வருவதில்லை.

தியேட்டரில் அந்தக் காட்சி வந்ததும் எனக்குப் புரிந்தது. காற்றில் டோக்கன் பறக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள், நீங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மட்டம் போட்டவருக்கு முகம் அப்படி இருக்காது. நான் சிரிக்காததற்குக் காரணம் உங்கள்மேல் பாசம் என்று நினைத்தீர்கள். பயம்.

நீங்கள் எழுந்து போனபின் அம்மாவும் நானும் உங்கள் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் கடைசிவரை இருந்தோம். அந்த வரி வந்தபோது அம்மா கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நீங்கள் கேட்டபோது நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா "ஆமா" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நேற்றுத்தான் கேட்க எனக்குத் தைரியம் வந்தது.

"உன்னைப் பாக்கறப்ப அவர் முகம் மாறக் கூடாது. எனக்குன்னா ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள்.

இதுதான் நீங்கள் கேட்ட கணக்குக்கு விடை. அறுபத்திரண்டு நாளாக எனக்குத் தெரிந்த விடை.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 12

வாலுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தேன். திங்கட்கிழமை மத்தியானம் உன் கடிதம் வந்தது.

ஆமாம். கடைசி வரியைப் பார்த்துவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், அதனால் எழுந்திருக்க முடியவில்லை. மறைக்க விரும்பவில்லை, ஞாயிறு சாயங்காலத்திலிருந்து திங்கள் மத்தியானம்வரை எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. வெட்டுகிற மாதிரி நாலு வாக்கியங்கள்கூட மனதில் தயாராக இருந்தன. கடிதம் வந்ததும் நான் பிரிக்கவில்லை. முதலில் உறையின்மேல் தபால் முத்திரையைப் பார்த்தேன். ஏழாம் தேதி. நான் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பே நீ போட்டிருக்கிறாய். அதன் பிறகுதான் பிரித்தேன். அந்த நாலு வாக்கியங்களும் எங்கே போயின என்று தெரியவில்லை.

மட்டம் போட்டதாக நினைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் கொஞ்சம் வெளியே போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கூடத்தில் ஐந்து மாதத்தில் என்னைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஆள் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்திருந்தால் டோக்கனைத் தூக்கி எறிந்துவிட்டு உன்னோடு நொண்டிக்கொண்டே வெளியே வந்திருப்பேன். உன்னிடமாவது சொல்லியிருப்பேன்.

உன் டீச்சர் கேட்ட விமர்சனத்துக்கு என் பங்கு. படம் நன்றாக இருக்கிறது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் என் தம்பியைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பக்கத்துச் சீட்டில் ஒரு சின்னப் பையன், குடை பேசும்போதெல்லாம் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து 'பாருப்பா, பாருப்பா' என்றான். காலி நாற்காலிக்கு எல்லோரும் வணக்கம் சொல்கிற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட்காரர் ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி என் தோளைத் தட்டினார். கடைசியில் மழை வந்து, குடை தலைகீழாகத் திரும்பி, எல்லோரும் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிகிறார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நேரே கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டே கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் அப்படித்தான் முடிக்க முடியும்.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போடுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று நீ துருவ வேண்டாம். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அவ்வளவு தெரிந்தால் போதும். வருகிற இருபத்துநாலாம் தேதிக்கு மூன்று நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். காலை ரயில். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டு, வரலாமா என்று ஒரு வரி எழுது. அவளே எழுதினால் இன்னும் நல்லது.

அப்பா


ஆகஸ்ட் 19

அப்பா,

உங்கள் இரண்டு கடிதமும் சனிக்கிழமை வந்தன. என்னுடையதைப் பிரித்ததும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, என்ன உடைந்தது என்று கேட்டார்.

அம்மா அவளுடையதை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தாள். இரண்டு முறை. பிறகு மடித்து உறைக்குள் வைத்து, கையைத் துடைத்துவிட்டு, காய் நறுக்கினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். இருபத்துநாலாம் தேதி வரட்டுமா என்று கேட்டிருக்கிறார் என்றேன்.

"வேண்டாம்னு எழுது" என்றாள்.

முதலில் கிண்டல் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கிண்டல் வராது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எல்லாம் தெரிந்துவிட்டதே, தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டுவிட்டேனே, அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, இனி என்ன என்று கத்தினேன். அழுதேன் என்றும் எழுத வேண்டும். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உனக்காகத்தான் ஆமான்னேன். அது உண்மை. ஆனா சொல்லிட்டு அவர் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். 'சேச்சே, நீயா இருக்காது'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு. பதினெட்டு வருஷம் கூட இருந்திருக்கேன். நான் ஆமான்னு சொன்னா, உடனே நம்பிடறதா?"

நான் அடுப்பைக் குறைத்து வைத்தேன்.

"இப்ப நீ சொன்னதுக்கு அப்புறம் நம்பறார். உன் கடுதாசியை நம்பறார். நான் சொல்லாமலே என்னை நம்பணும், அதுதான் வேணும். அதை மூணு நாள் லீவுல வந்து எப்படித் தருவார்?"

பிறகு மறுபடி காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று நாளாக இதை எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே தாமதமாகப் போட்டால் நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள், வந்து நின்றுவிட்டால் அம்மாவால் கதவைச் சாத்த முடியாது என்றுகூடத் திட்டம் போட்டேன். பழைய வாலாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். செய்யவில்லை. இந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் செய்தது போதும் என்று தோன்றியது.

சித்தப்பா நேற்று வந்தார். உள்ளே வரச் சொன்னோம், தண்ணீர் கொடுத்தோம். படத்துக்குக் கொடுத்த கேடயத்தைக் கையில் வைத்திருந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். இனி யாரையும் பார்த்து எழுதப் போவதில்லை என்றார். அம்மா, "பாக்காம எழுதுனதுதான தப்பு" என்றாள். அவர் படியிறங்கி வெகுநேரம் தெருவிலேயே நின்றார்.

சுவர்ப் பத்திரிகையில் விமர்சனம் ஒட்டியாகிவிட்டது. நன்றாகச் சிரிக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் என்று எழுதினேன். பொய் இல்லை. நட்சத்திரம் போடவில்லை. டீச்சர் ஏன் என்று கேட்டார், மறந்துவிட்டேன் என்றேன்.

நீங்கள் வர வேண்டாம் என்றால், நான் வரலாமா? தேர்வு விடுமுறையில் பத்து நாள். கேட்டேன், அம்மா போய்வா என்றாள். ரயிலடிவரை வந்து ஏற்றிவிடுவாளாம். போனை மட்டும் இயக்கி வையுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும், என்றைக்காவது அம்மாவுக்குத் தோன்றி அழைத்தால் அந்தப் பெண் எடுக்கக் கூடாது.

இதை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். 'அம்மாவின் கோபம் என்றைக்காவது தீரும்' என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் என் பேனாவை வாங்கி ஒரே ஒரு வார்த்தையை அடித்து, மேலே வேறொன்று எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். அதை அப்படியே விடுகிறேன்.

அம்மாவின் களைப்பு என்றைக்காவது தீரும்.

வாலு